பயணப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்து

தென் ஆப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியவைக்கும் விவரங்களை எடுத்துவிட்டு, சொல்ல வந்ததை மட்டும் இங்கே தருகிறேன்.

மகளுக்கு 16 வயது, 10ஆம் கிரேடு படிக்கிறாள். வரும் ஜூலை விடுமுறையில் பள்ளியிலிருந்து 22 பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்கு 11 நாள் அழைத்துப் போகிறார்கள். சென்னை, மாமல்லபுரம், தஞ்சாவூர், தில்லையாடி, மதுரை என்று திட்டம். தலைக்கு 48,000 ராண்ட். துணிக்கடையில் வேலை செய்யும் இந்தத் தாயிடம் ஸ்டோக்வெலில், அதாவது சீட்டு மாதிரியான சேமிப்புக் குழுவில், சேர்த்த 28,000 இருக்கிறது. மீதி 20,000க்குத் தெருக்கோடியில் இருக்கும் மஷோனிசாவிடம், அதாவது வட்டிக்காரனிடம், கேட்கலாம் என்று நினைக்கிறார்.

கணவர் ஆறு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் தனியாக இருக்கிறார். பிள்ளைகளுக்கான பணம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. பள்ளி கொடுத்த ஒப்புதல் படிவத்தை மகளே படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. "எங்கள் கல்யாணம் கோயிலில் தாலி கட்டி நடந்ததோடு சரி, பதிவு செய்யவே இல்லை. சட்டப்படி அவர் எனக்குக் கணவரே இல்லை. பணமும் ஒழுங்காகத் தருவதில்லை. என் தம்பியை விட்டு அவர் கையெழுத்தைப் போடச் சொன்னால் என்ன தப்பு?" என்று கேட்கிறார்.

இவர் இந்தப் பயணத்தில் இவ்வளவு நம்பிக்கை வைப்பதற்குக் காரணம் உண்டு. மகளை வளர்த்த ஆயா, இந்தத் தாயின் அம்மா, இறந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துவிட்டது. பள்ளி விட்டால் அறை, அறையில் போன். உறவில் ஒரு பையன் பள்ளியோடு வெளிநாடு போய் "ஆளே மாறி" வந்தானாம். தன் மகளும் அப்படி வருவாள் என்று நம்புகிறார். கூடவே பயமும்: அங்கே இவள் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ? தினமும் இரவில் வீடியோவில் பேசினால் சரியாகிவிடுமா? படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பள்ளிக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என்கிறார்களே, உண்மையா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று: "ஆயாவின் போட்டோவை அவளுக்குத் தெரியாமல் பெட்டியில் வைத்து அனுப்பலாமா, பார்த்தால் அழுவாளா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கணவர் என்ன நினைக்கிறார், உறவுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மகள் பேசியது மட்டும் ஒரே ஒரு சொல்: "சரிம்மா." போகிறாயா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அது. அது சம்மதமா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை என்று படுகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு பாத்திரம் கழுவும்போதோ, கடைக்கு நடக்கும்போதோ, முகத்துக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் இருந்து பேசுங்கள். "நீ போகலேன்னாலும் எனக்கு வருத்தமில்ல. உனக்கு அதுல எது பிடிக்குது, எது பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் உடனே வராது. இரண்டு நாள் கழித்து, நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் வரும்.

நம் நாட்டுக் குழந்தைகள் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வயதும் பக்குவமும் இருக்கிற பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய முடிவில் பங்கெடுக்க உரிமை உண்டு, அதன் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று 10ஆம் பிரிவில் இருக்கிறது. 16 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பக்குவம் தாராளமாக உண்டு.

கையெழுத்து விஷயம்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகளோடு இருபது வருடத்துக்கு மேல் பேசி வருகிறேன், இந்தச் சட்டப் பிரிவு அடிக்கடி என் மேசைக்கு வரும். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: தம்பியை விட்டுக் கையெழுத்துப் போடுவதை இந்த நிமிடமே மறந்துவிடுங்கள்.

2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 18ஆம் பிரிவு. பிள்ளை நாட்டை விட்டு வெளியே போவதற்கும், அதற்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்கும் காப்பாளர்கள் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிட்டாலொழிய. கல்யாணம் பதிவாகவில்லை, அதனால் அவர் காப்பாளர் ஆக மாட்டார் என்று நினைக்கிறீர்கள். நம் சனத்தில் பல வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் "திருமணம்" என்று சொல்லும்போது மத முறைப்படி நடந்த திருமணத்தையும் சேர்த்தே சொல்கிறது. கோயிலில் தாலி கட்டியவர், பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று பெயர் இருப்பவர்: மகள் விஷயத்தில் அவர் உரிமை அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் பிரிந்ததால் அது போய்விடவில்லை.

பணம் தராததாலும் அது போகாது. பராமரிப்புப் பணம் ஒரு கணக்கு, காப்பாளர் உரிமை இன்னொரு கணக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது. பணத்துக்கு நீங்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கும் பராமரிப்பு அதிகாரியிடம் போகலாம், அதற்கு வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆறு வருடம் ஏன் போகவில்லை என்று நான் கேட்க மாட்டேன், உங்கள் காரணம் உங்களுக்கு. ஆனால் அந்தக் கோபத்தை இந்தப் படிவத்தின் மேல் இறக்க வேண்டாம்.

பிள்ளை பெற்றோர் இல்லாமல் வெளிநாடு போகும்போது கேட்கும் ஒப்புதல் கடிதம் பெரும்பாலும் அஃபிடவிட்டாக, சத்தியம் செய்து தருவதாக இருக்கும். அதில் இன்னொருவர் பெயரைப் போடுவது குற்றம், உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்து. அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில், 21 பிள்ளைகள் உள்ளே போன பிறகு, உங்கள் மகளை மட்டும் ஓரமாக நிறுத்தி அப்பாவுக்குப் போன் போடுவதாக நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண் அவள்.

கணவரின் மறுப்பையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். படிவத்தை யார் அனுப்பியது? மகள். முடியாது என்ற பதில் யாருக்குப் போனது? மகளுக்கு. நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாததால் அந்தப் பிள்ளை தபால்காரியாகிவிட்டாள். அப்பா தன்னை நம்பவில்லை என்று அவள் போனில் இன்னும் அந்த வரி இருக்கும். கணவர் பக்கமிருந்து பார்த்தால், 11 நாள், ஐந்து ஊர், யார் கூடப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று ஒரு தகவலும் இல்லாமல் ஒரு படம் வந்து விழுந்திருக்கிறது. முடியாது என்று சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

நீங்களே எழுதுங்கள். குரல் செய்தி வேண்டாம், உங்கள் பழைய சண்டை குரலில் ஏறிவிடும். எழுத்தில், சுருக்கமாக: "பிள்ளைக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கு. உங்ககிட்ட நேரா கேக்காம அவ மூலமா அனுப்பினது என் தப்பு. பயணத் திட்டம், கூட வர்ற டீச்சருங்க விவரம், தங்கற இடம் எல்லாம் இதோட இருக்கு. உங்களுக்கு என்ன பயம்னு சொல்லுங்க, ஸ்கூல்ல கேட்டு பதில் வாங்கித் தர்றேன். பள்ளி வைக்கிற கூட்டத்துக்கு நீங்களும் போன்ல சேர்ந்துக்கலாம்." தப்பு என்ற சொல்லை எழுதக் கை வராது என்று தெரியும். எழுதிப் பாருங்கள்.

அப்படியும் மறுத்தால் குடும்ப அட்வகேட் அலுவலகம் இருக்கிறது, டர்பனிலும் உண்டு. பெற்றோர் இருவரையும் உட்கார வைத்துப் பேச உதவுவார்கள், கட்டணம் கிடையாது. அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். காரணமில்லாமல் மறுக்கும் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலே பிள்ளை போக அது உத்தரவிட முடியும். பிள்ளையின் நலன் எது என்றுதான் பார்க்கும். ஆனால் அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். லீகல் எய்ட் அலுவலகத்தில் உங்கள் வருமானத்துக்கு உதவி கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், ஒரு பள்ளிப் பயணத்துக்காக அப்பாவை நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டு மகள் நிம்மதியாக விமானம் ஏறுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மஷோனிசா வாசலுக்குப் போகாதீர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20,000 வாங்கி மாதம் நூற்றுக்கு 30 என்று வைத்தாலும் வட்டி மட்டும் மாதம் 6,000. உங்கள் சம்பளத்தில் அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வங்கி அட்டையையோ அடையாளப் புத்தகத்தையோ பிடித்து வைத்துக்கொண்டு கடன் கொடுப்பது 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி தடை செய்யப்பட்டது. தெருவில் அதுதான் வழக்கம் என்பது வேறு விஷயம். அம்மா மாத முடிவில் அட்டையை வாங்க அவன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்த பிள்ளைக்குத் தஞ்சாவூர்க் கோபுரம் மனதில் நிற்காது. பள்ளியிடம் தவணை கேளுங்கள். கணவரிடம் கடிதத்திலேயே ஒரு பங்கு கேளுங்கள். பணம் போட்டவருக்குப் பயணத்தில் ஒரு பிடிமானமும் வரும். இரண்டும் நடக்கவில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம் என்பதும் ஒரு நல்ல முடிவுதான். அதை மகளிடம் கணக்கோடு சொல்லுங்கள், 16 வயதில் அது புரியும். இன்னொருவன் இருக்கிறானே, உங்கள் 11 வயது மகன், "எனக்கு எப்போ?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பயணம் என்ன செய்யும், என்ன செய்யாது

நீங்கள் பயணத்தை மருந்தாக நினைக்கிறீர்கள், கணவர் விஷமாக நினைக்கிறார். இருவருமே அந்தப் பதினோரு நாளுக்கு இல்லாத சக்தியைக் கொடுக்கிறீர்கள்.

உங்கள் மகளின் மௌனம் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது துக்கமாகத் தெரிகிறது. ஆயா பக்கத்தில் படுத்து வளர்ந்த பிள்ளை. எட்டு மாதம் துக்கத்துக்கு அதிகமான காலம் இல்லை. ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள்: தூக்கம், சாப்பாடு இரண்டும் மாறியிருக்கிறதா, முன்னால் ஆசையாகச் செய்த எதையும் இப்போது தொடுவதில்லையா, மதிப்பெண் சரிந்திருக்கிறதா, "நான் இருந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு வருகிறதா. இதில் ஏதாவது இருந்தால் பயணத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே பள்ளி ஆலோசகரையோ கிளினிக்கில் மருத்துவரையோ பாருங்கள். சைல்ட்லைன் 116 என்ற எண்ணில் அவளே கூப்பிட்டுப் பேசலாம், காசு இல்லை. துக்கத்தைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றினால் அது மதுரையில் இறங்கிக்கொள்ளாது.

அப்படியானால் இந்த மாதிரிப் பயணம் பிள்ளையை வளர்ப்பதே இல்லையா? வளர்க்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. சில வருடத்துக்கு முன் இதே போல ஒரு பெண் போய்வந்தாள் (அவளும் வீட்டாரும் சம்மதித்ததால் சொல்கிறேன், விவரங்களை மாற்றியிருக்கிறேன்). திரும்பி வந்தபோது மாமல்லபுரத்தைப் பற்றி நாலு வரி சொன்னாள், பெரிய கோயில் பற்றி ஒரு வரி. பிறகு முக்கால் மணி நேரம் ஒரு பூக்காரம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

கோயில் வாசலில் டீச்சர், ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து, நீங்களே ஏதாவது வாங்கி வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார், மூன்று மூன்று பேராக. இவள் பூக்காரம்மாவிடம் போய், வீட்டில் பழகிய தமிழில், "ஒரு பூ" என்றிருக்கிறாள். எத்தனை முழம் என்று அந்தம்மா கேட்டது புரியவில்லை. முழம் என்ற சொல்லை இவள் கேட்டதே இல்லை. அந்தம்மா விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தன் கையைக் காட்டி, பூச்சரத்தை அதில் வைத்து அளந்து காட்டினார். பிறகு, "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டார். டர்பன் என்றாள். அது எந்தப் பக்கம் என்று கேட்டார். ஆப்பிரிக்கா என்றாள். அந்தம்மா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேரு?" என்றார். இவள் பெயர் அந்தம்மாவின் அக்கா பெயராம். ஒரு முழத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒன்றரை முழம் கொடுத்தாராம்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் "எந்த ஊரு?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தப் பெண் மூன்று மாதம் யோசித்தாள். தாத்தாவிடம் போய்க் கப்பல் காகிதம் கேட்டாள். அவர்கள் வீட்டில் பெயர், அப்பா பெயர், ஊர், சில்லா (மாவட்டம்) என்று எழுதிய பழைய நகல் ஒன்று இருந்தது. 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள் என்பதை அவள் பள்ளியில் படித்திருக்கிறாள், பரீட்சையிலும் எழுதியிருக்கிறாள். அந்த எண்ணில் ஒருவர் தன் தாத்தாவின் தாத்தா என்பது பூ வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாத ஐந்து நிமிடம். அதில் பிள்ளை தானாக ஒன்றைத் தொடங்கி, தடுமாறி, முடித்துவிட்டு வருவது. பிறகு வீட்டில் அதைச் சொல்ல ஒரு காது இருப்பது. பேருந்தில் ஏற்றி, கோபுரம் காட்டி, ஓட்டலில் இறக்கி, மறுபடி பேருந்தில் ஏற்றும் பயணத்தில் இது நடக்காது. அதனால் பள்ளியிடம் எந்தெந்த ஊர் என்று கேட்பதோடு, பிள்ளைகள் தாங்களாகச் செய்ய என்ன விட்டு வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.

உறவுக்காரப் பையன் ஆளே மாறி வந்தான் என்கிறீர்கள். இரண்டு வாரத்தில் யாரும் மாறுவதில்லை. போவதற்கு முன்னால் அவனை யாரோ நம்பி ஏதோ செய்ய விட்டிருப்பார்கள், வந்த பிறகு அவன் பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த இரண்டையும் டிக்கெட் இல்லாமலே இன்றைக்கே தொடங்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். ராண்டை ரூபாயாக மாற்றிச் செலவுக் கணக்கு அவளே போடட்டும்.

அவள் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களா

சிரிப்பார்கள், சில பேர். ஆங்கிலத்தில் திருப்பிப் பதில் சொல்வார்கள், அது சிரிப்பை விட அதிகமாக வலிக்கும். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்தாறு தலைமுறை கடலுக்கு இந்தப் பக்கம் கிடந்து, பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல், கோயிலிலும் மாலை வகுப்பிலும் அம்மன் தாலாட்டிலும் பிழைத்த மொழி அவள் வாயில் இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, மதிப்பும் ஊக்கமும் தர வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாம் பேசுவது உடைந்த தமிழ் என்ற எண்ணம் நம் வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கிறது, உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்: அந்தக் கூச்சத்தைப் பிள்ளைக்குக் கைமாற்ற வேண்டாம்.

திட்டத்தில் தில்லையாடி இருப்பதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி. தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். 1913இல் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நேட்டாலுக்கு வந்து, சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்துபோனார். அவர் கல்லறை ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டைனில் இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்த ஒரு 16 வயதுப் பெண்ணின் பெயரை அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். மகளிடம் இதைப் பாடமாக ஒப்பிக்க வேண்டாம். கணவர் ஜோகன்னஸ்பர்க்கில்தானே இருக்கிறார். ஈஸ்டர் விடுமுறைக்குப் பிள்ளைகள் அங்கே போனால், அந்தக் கல்லறைக்கு அப்பாவே அழைத்துப் போகட்டும். பயணத்தின் முதல் நாள் அதுவாக இருக்கலாம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

முதலில் அந்தப் படிவம். கையெழுத்துப் போட்டால் பள்ளி பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும் என்பது தவறு. பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை எந்தக் காகிதத்தாலும் போகாது. உங்களுடையது அரசுப் பள்ளி என்பதால், பள்ளி நடவடிக்கையில் ஏற்படும் சேதத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் 60ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது நஷ்ட ஈடு இல்லை, பிள்ளை. அதனால் கூட்டத்தில் எழுந்து இவற்றைக் கேளுங்கள், மற்றத் தாய்மார் உள்ளுக்குள் நன்றி சொல்வார்கள்.

தலை எண்ணுவது யார், எப்போது? 2020 ஜனவரியில் நம் நாட்டில் ஒரு பள்ளி முகாமில் 13 வயதுப் பையன் ஆற்றோடு போனதும், பெயர்ப் பட்டியல் வைத்து எண்ணாததால் அவன் இல்லை என்பதே மறுநாள்தான் தெரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பேருந்தில் ஏறும் ஒவ்வொரு முறையும், இறங்கும் ஒவ்வொரு முறையும், பெயர் சொல்லி எண்ணுவார்களா என்று கேளுங்கள். மாமல்லபுரம் கடற்கரையில் தண்ணீரில் இறங்க விடுவார்களா என்றும் கேளுங்கள். அங்கே அலை இழுப்பு மோசம்.

பெண் பிள்ளைகளோடு எத்தனை பெண் ஆசிரியர்கள், இரவில் எந்தத் தளத்தில் யார் படுப்பார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தால் யார் கூட இருப்பார்கள், மற்றவர்களை யார் பார்ப்பார்கள்.

மருத்துவக் காப்பீடு கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா, இல்லை 48,000க்கு மேலே தனியா. விசா, தடுப்பூசி, கைச்செலவு எல்லாம் எதில் வருகிறது. பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். தடுப்பூசி பற்றிக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

காகிதங்கள்: பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஒப்புதல், பாஸ்போர்ட் காலாவதியாகக் குறைந்தது ஆறு மாதம் மீதம். பள்ளி சார்பில் என்ன கடிதம் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மகளுக்கு இரண்டு எண்கள் மனப்பாடமாகட்டும்: இந்தியாவில் அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. பையில் எழுதி வைப்பதை விட மனதில் இருப்பது நல்லது, பை தொலையும்.

போன்

தினமும் இரவு வீடியோ வேண்டாம் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அங்கே நேரம் நம்மை விட மூன்றரை மணி முன்னால். நீங்கள் வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் அங்கே பத்து மணி. நாளெல்லாம் சுற்றிய பிள்ளைகள் ஒரே அறையில் படுத்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் சிநேகம் பிடிக்கும். உங்கள் மகள் அப்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அழுகை வரும், சிநேகம் வராது. ஏக்கம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் இரவில் அதிகமாக இருக்கும், பிறகு குறையும். அந்த இரவுகளில் "வந்துடறியா?" என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. மூன்று நாளுக்கு ஒரு முறை, அவள் கூப்பிடட்டும் என்று பேசி வையுங்கள். எல்லோரும் நலம் என்று ஆசிரியர் பெற்றோர் குழுவுக்குத் தினமும் ஒரு வரி போட்டால் போதும். அவசரமென்றால் எந்நேரமும் கூப்பிடலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

திரும்பி வந்ததும் சாமான் பிரிக்கும் முன்னாலேயே உறவெல்லாம் கூடி "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். "நல்லா இருந்துச்சு" என்பாள். இவ்வளவு செலவு பண்ணி இதுதானா என்று மனம் சோரும். விட்டுவிடுங்கள். ஆடி பிறந்ததும் நம் தெருவில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவோமே, அந்த அடுப்பு முன்னால் கரண்டியைக் கொடுத்துக் கிண்டச் சொல்லுங்கள். அங்கே பார்த்ததும் கேட்டதும் அப்போது வெளியே வரலாம். சில நாள் எரிச்சலாகவும் இருப்பாள், நம் வீடு அவளுக்குச் சின்னதாகத் தெரியும். அது கொஞ்ச நாளில் போய்விடும்.

பள்ளி கொடுத்த கடைசித் தேதி மார்ச் 28 என்று எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள், அவருக்கு யோசிக்க இரண்டு வாரமாவது வேண்டும்.

ஆயாவின் போட்டோவைப் பற்றிக் கேட்டீர்கள். தெரியாமல் வைக்காதீர்கள். பெட்டி அடுக்கும் அன்று போட்டோவை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "இத எடுத்துட்டுப் போறியா?" என்று மட்டும் கேளுங்கள். அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். நீங்களும் அம்மாவை இழந்து எட்டு மாதம்தான் ஆகிறது.